ஒட்டு விட்ட இடத்தில் ஓடும் அலை

திறந்தால் பாடும் வாழ்த்து அட்டையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வட்டு நினைவிருக்கும். கீழே மெல்லிய பித்தளைத் தகடு. அதன்மேல் சற்றே சிறிய, வெளிறிய பீங்கான் வில்லை. மின்னழுத்தம் கொடுத்தால் பீங்கான் விரியும், சுருங்கும், பித்தளை விரியாது, ஆகவே இரண்டும் சேர்ந்து வளையும், காற்றை அசைக்கும், பாட்டு வரும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது நடுவில் உள்ள பசை. அதை யாரும் கவனிப்பதில்லை. ஓர் ஓரத்தில் அது விட்டுவிட்டால்தான், பாட்டு கரகரக்கும்போதுதான், பசை என்று ஒன்று இருப்பதே தெரியவரும்.

இயற்பியல் ஆய்வுக் கட்டுரைகளிலும் பசையின் கதி இதுதான். ‘இரு பொருள்களும் இடைமுகத்தில் முழுமையாக ஒட்டியிருப்பதாகக் கொள்வோம்’ என்று ஒரு வரி வரும்; இடைமுகம் என்பது இரண்டும் தொட்டு நிற்கும் பரப்பு. அந்த ஒரு வரியில் பசையின் தடிமன், அதற்குள் மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி, சூட்டில் விட்டுப்போன ஓரம் எல்லாம் மறைந்துபோகும். கணக்கை எளிதாக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள், தவறில்லை. ஆனால் அழுத்தமின் பொருளும் அழுத்தக்காந்தப் பொருளும் சந்திக்கும் இடத்தில் ஓடும் அலைகளைப் பொறுத்தவரை, அந்த வரி கணக்கோடு சேர்த்து அலையையும் அழித்துவிடக்கூடும். அதைத்தான் இங்கே எண்களோடு காட்டப் பார்க்கிறேன்.

முதலில் இரண்டு பொருள்கள். அழுத்தினால் மின்னழுத்தம் தருவது அழுத்தமின் பொருள். சமையலறை கேஸ் லைட்டரை ‘டக்’ என்று அழுத்தும்போது பொறி பறப்பது இதனால்தான். 1880-இல் பாரிஸில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் குவார்ட்ஸ், டூர்மலின், கரும்புச் சர்க்கரைப் படிகம் ஆகியவற்றில் இதைக் கண்டார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாற வேண்டும் என்று மறுவருடமே லிப்மான் கணித்துச் சொன்னார். கியூரி சகோதரர்கள் அதையும் சோதித்துக் காட்டினார்கள்.

மற்றது காந்தப் பக்கம். இரும்பைக் காந்தமாக்கினால் அதன் நீளம் துளி மாறுகிறது என்பதை ஜூல் 1842-லேயே கண்டிருந்தார். தெருமுனை டிரான்ஸ்பார்மரின் ரீங்காரத்துக்கும் பெரும்பங்கு காரணம் இதுவே: உள்ளே இருக்கும் எஃகுத் தகடுகள் நொடிக்கு 100 முறை நீண்டு சுருங்குகின்றன. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தானே என்று கேட்கலாம். காந்தம் எந்தத் திசையில் இருந்தாலும் நீட்சி ஒரே மாதிரிதான்; அதனால் ஒரு சுற்றுக்கு இரண்டு நீட்சி. இப்படிப்பட்ட பொருளை ஒரு நிலையான காந்தப்புலத்தில் வைத்துவிட்டால், அந்தப் புலத்தில் நிகழும் சிறிய மாற்றங்களுக்கு நீட்சி நேர்விகிதத்தில் பதில் சொல்லத் தொடங்கும். பொறியியலில் அழுத்தக்காந்தம் என்று சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான்.

இரண்டையும் ஏன் ஒட்ட வேண்டும்? காந்தப்புலத்தை மாற்றினால் மின்னழுத்தம் கிடைக்கும் பொருள் வேண்டும் என்பதற்காக. அப்படி ஒரு விளைவு இருக்கலாம் என்று பியேர் கியூரி 1894-லேயே யோசித்திருந்தார். குரோமியம் ஆக்சைடில் அது இருக்க வேண்டும் என்று ஜியலோஷின்ஸ்கி கணக்கிட, 1960-இல் அஸ்ட்ரோவ் அளந்து காட்டினார். விளைவு உண்மை, ஆனால் மிகச் சிறியது. 1970-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தார் குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தார்கள். பேரியம் டைட்டனேட் என்ற அழுத்தமின் பீங்கானையும் கோபால்ட் ஃபெரைட் என்ற காந்தப் பீங்கானையும் கலந்து ஒரே கட்டியாக வளர்த்தார்கள். முன்னதற்குக் காந்தம் தெரியாது. பின்னதற்கு அழுத்தமின் விளைவு கிடையாது. காந்தப்புலம் ஃபெரைட்டை நெளிக்க, அந்த நெளிவு பக்கத்திலிருக்கும் டைட்டனேட்டை இழுக்க, அது மின்னழுத்தம் தந்தது. ஒரு ஓர்ஸ்டெட் (காந்தப்புலத்தின் அலகு) புலமாற்றத்துக்கு, ஒரு சென்டிமீட்டர் தடிமனில், 130 மில்லிவோல்ட். பிற்பாடு 2001-இல், டெர்ஃபெனால்-டி என்ற உலோகக் கலவைத் தகடுகளுக்கு நடுவே ஈயம் கலந்த அழுத்தமின் பீங்கானை வைத்து ஒட்டிய அடுக்கில், அதே அளவுகோலில் 4.68 வோல்ட் கிடைத்தது.

இரண்டு பொருள்களிலும் தனித்தனியாக இல்லாத ஒரு குணம், இரண்டும் ஒட்டிய இடத்தில் பிறக்கிறது. நெளிவு ஒன்றிலிருந்து மற்றதற்குக் கடக்கும் ஒரே பாலம் அந்த இடைமுகம். பாலம் ஆட்டம் கண்டால் குணமும் போச்சு. ஒட்டு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அங்கிருந்து வருகிறது. அதை விசாரிக்க அனுப்பத் தகுந்த ஆள் அலைதான்.

திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் அலைகள் உண்டு என்று 1885-இல் ராலே நிறுவினார். நிலநடுக்கத்தில் தரை உருண்டு வருவது அந்த வகை. ஆனால் அவர் கண்ட அலையில் துகள்கள் மேலும் கீழும், முன்னும் பின்னும் சுழல்கின்றன. பக்கவாட்டில் மட்டும் அசையும் குறுக்கலை ஒன்று, பாம்பு நெளிவதுபோல, மேற்பரப்பை ஒட்டி ஓடுமா? ஒரே சீரான சாதாரணத் திடப்பொருளில் ஓடாது. அலை எப்போதும் மெதுவாகப் போகும் இடத்தை நோக்கித் திரும்பும், பள்ளத்தைத் தேடும் தண்ணீர் மாதிரி. மேற்பரப்பில் பொருள் கொஞ்சமாவது இளகியிருந்தால்தான் அலை அங்கே தங்கும். சீரான பொருளில் மேலே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதான்; அலைக்கு மேலே தங்கக் காரணமே இல்லை, உள்ளே இறங்கிவிடும். இளகலான படலம் ஒன்றை மேலே போர்த்தினால் தங்கும் என்று 1911-இல் லவ் காட்டினார். ஆனால் அது வெளியிலிருந்து இரவல் வாங்கிய இளக்கம்.

இரவல் வேண்டாம், மின்சாரமே அந்த வேலையைச் செய்யும் என்று 1968-இல் அமெரிக்காவில் புளூஸ்டீனும், அடுத்த வருடம் சோவியத் ஒன்றியத்தில் குல்யாயெவும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இந்தக் கட்டுரையின் மையக் கணக்கு அதைச் சுற்றியே வருவதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பேரியம் டைட்டனேட்டை எடுத்துக்கொள்வோம். அதன் விறைப்புக் குணகம் 43 ஜிகாபாஸ்கல். அலை ஓடும்போது பொருள் நெளிகிறது; நெளிந்தால் மின்புலம் பிறக்கிறது; பிறந்த புலம் அந்த நெளிவையே எதிர்த்துத் தள்ளுகிறது. ஆக, பொருள் தன் இயல்பைவிட விறைப்பாக நடந்துகொள்கிறது. கையேடுகளில் உள்ள மாறிலிகளைப் போட்டுக் கணக்கிட்டால் இந்தக் கூடுதல் விறைப்பு 12 ஜிகாபாஸ்கல், மொத்தம் 55. அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 5,800 கிலோ. குறுக்கலையின் வேகம் நொடிக்கு 3,080 மீட்டர்.

இப்போது மேற்பரப்பில் மெல்லிய உலோகப் பூச்சு ஒன்றைப் பூசித் தரையிணைப்பு கொடுத்துவிடுவோம். பூச்சு இருக்கும் இடத்தில் மின்னழுத்தம் பூஜ்யம். உள்ளே அந்த 12 ஜிகாபாஸ்கல் கூடுதல் விறைப்பு இருக்கிறது. மேற்பரப்பில் அது பறிபோய்விட்டது. தேடிய இளக்கம் கிடைத்துவிட்டது. அலை தங்குகிறது, 3,006 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எவ்வளவு ஆழத்துக்குள் தங்குகிறது? அதன் வீச்சு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறையும் ஆழம், அலைநீளத்தில் முக்கால் பங்குகூட இல்லை. அதே பொருளில் பூச்சு இல்லாமல், வெறும் காற்று மேலே இருந்தால்? காற்றின் விடுதிறன், அதாவது மின்புலத்துக்கு இடம் கொடுக்கும் திறன், டைட்டனேட்டுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இளக்கம் அநேகமாக இல்லை. அலை சுமார் 900 அலைநீளம் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அலைநீளம் 3 மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 3 மீட்டர் ஆழம். அதையும் ‘மேற்பரப்பு அலை’ என்றுதான் ஏட்டில் எழுதுகிறோம்! கையில் இருக்கும் பீங்கான் தகட்டின் தடிமனோ ஒரு விரற்கடை.

அடுத்த படி, மேற்பரப்புக்குப் பதில் இடைமுகம். சாதாரணத் திடப்பொருள்கள் இரண்டு சந்திக்கும் இடத்தில் ஓடும் அலையை ஸ்டோன்லி 1924-இல் ஆராய்ந்தார். அழுத்தமின் பொருள் கலந்த இடைமுகத்தில் பக்கவாட்டுக் குறுக்கலை ஓடும் என்று 1971-இல் மேர்ஃபெல்டும் தூர்நுவாவும் காட்டினார்கள். ஒரு பக்கம் மின்சாரம், மறுபக்கம் காந்தம் என்ற ஜோடியை 2006-இல் சோ, லியூ இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போட்டது முழுமையான ஒட்டு. கிடைத்த முடிவு: இரு பொருள்களிலும் குறுக்கலையின் வேகம் மிக நெருக்கமாக இருந்தால்தான் இடைமுக அலை உண்டு.

‘மிக நெருக்கம்’ என்றால் எவ்வளவு? பேரியம் டைட்டனேட், கோபால்ட் ஃபெரைட் ஜோடிக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃபெரைட்டின் விறைப்பு 45.3 ஜிகாபாஸ்கல்; காந்தம் கூட்டித் தருவது வெறும் அரை ஜிகாபாஸ்கல்; வேகம் 2,940 மீட்டர். இடைமுக அலை இரண்டு பக்கமும் கசியாமல் இருக்க வேண்டுமானால், இரண்டில் மெதுவான வேகத்தைவிடவும் மெதுவாக, அதாவது 2,940-க்குக் கீழே ஓட வேண்டும். அந்த வேகத்துக்கு இழுத்து நிறுத்தும்போது வேகக்காரனான டைட்டனேட் காட்டும் எதிர்ப்பு 16.4 ஜிகாபாஸ்கல். அதை ஈடுகட்ட நம்மிடம் இருக்கும் இளக்கம், நடுவில் உலோகப் பூச்சு இருந்தால், 12. போதாது. பூச்சு இல்லாவிட்டால் 0.09. பேச்சுக்கே இடமில்லை.

திருப்பிப் போட்டுச் சொன்னால்: பூச்சு இருக்கும்போது இரு வேகங்களுக்கும் நடுவே சுமார் 75 மீட்டர் வித்தியாசம் வரை தாங்கும். நம் ஜோடியில் இருப்பது 140. பூச்சு இல்லாமல் ஒட்டினால் தாங்கும் வித்தியாசம் நொடிக்கு 4 மில்லிமீட்டர். 3,000 மீட்டர் வேகத்தில் 4 மில்லிமீட்டர்! ஒரே சூளையில், ஒரே நாளில் வெந்த இரண்டு வில்லைகள்கூட அவ்வளவு ஒத்துப்போகாது.

ஆக, உலகம் முழுக்க உதாரணமாகக் காட்டும் இந்த ஜோடியை முழுமையாக ஒட்டினால், இடைமுகத்தில் கட்டுண்டு ஓடும் குறுக்கலை என்று ஒன்று கிடையாது.

இங்கே ஒரு கிளைக்கதை. கோபால்ட் ஃபெரைட்டின் காந்த உட்புகுதிறன், அதாவது காந்தப்புலத்துக்கு இடம் கொடுக்கும் திறன், பல கட்டுரைகளின் அட்டவணைகளில் 590 என்பதற்குப் பதில் கழித்தல் 590 என்று அச்சாகியிருக்கிறது, மைக்ரோ அளவில். நிலையான பொருளுக்கு இது எதிர்மறையாக இருக்க முடியாது. ஆனால் ஒருவர் அட்டவணையை மற்றவர் எடுத்தாள, அந்தக் கழித்தல் குறி வருடக்கணக்காகப் பயணம் செய்தது. அதை நம்பிக் கணக்குப் போட்டால் காந்தம் பொருளை விறைப்பாக்குவதற்குப் பதில் இளக்கிவிடும். வேகம் 2,940-இலிருந்து 2,907-க்கு இறங்கும். அதே அட்டவணைகளில் காந்தமே இல்லாத பேரியம் டைட்டனேட்டுக்கும் வெற்றிடத்தைப்போல நான்கு மடங்கு உட்புகுதிறன் போட்டிருப்பார்கள். ஒட்டு முழுமையானது என்று நம்புவதுபோலவே எண்களையும் நம்பிவிடுகிறோம்.

சரி, பசைக்கு வருவோம். இரு பொருள்களுக்கு நடுவே உள்ள மெல்லிய படலத்தை வரிசையாக நிறுத்திய சுருள்வில்களாக எண்ணிக்கொள்ளலாம். ஜோன்ஸும் விட்டியரும் 1967-இல் நெகிழ்வான ஒட்டுக்கு இப்படித்தான் கணக்கெழுதினார்கள். 1980-இல் ஷோன்பெர்க் இதே கணக்கைச் சறுக்கும் இடைமுகங்களுக்கு விரித்தெழுத, பாறை வெடிப்புகளை ஆராய்வோருக்கு அது கைகொடுத்தது. விஷயம் எளிது. தகைவு, அதாவது ஒரு பரப்பின்மேல் வரும் இழுவிசை, இடைமுகத்தைத் தாண்டும்போது மாறாது. இடப்பெயர்ச்சி மட்டும் துள்ளும். எவ்வளவு துள்ளும் என்பதைச் சுருள்வில்லின் வலிமை முடிவு செய்யும். வலிமை முடிவிலி என்றால் முழுமையான ஒட்டு; பூஜ்யம் என்றால் ஒட்டே இல்லை. நிஜ உலகம் இரண்டுக்கும் நடுவில்.

10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள எப்பாக்ஸிப் பசைப் படலத்தை எடுத்துக்கொள்வோம். அதாவது தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. எப்பாக்ஸியின் விறைப்பு சுமார் 1 ஜிகாபாஸ்கல். இந்தப் படலத்தின் நெகிழ்வை அலை எப்போது ‘உணரும்’? அலைநீளம் 3 மில்லிமீட்டரை எட்டும்போதே, அதாவது 1 மெகாஹெர்ட்ஸ் வாக்கில். அலைநீளத்தில் முந்நூறில் ஒரு பங்கு தடிமன்தான், கண்ணுக்குத் தெரியாது, அலைக்குத் தெரிகிறது. பீங்கானைவிடப் பசை ஐம்பது மடங்கு இளகல் என்பதே காரணம்.

முழுமையான ஒட்டில் அலையின் வேகத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. சூத்திரத்தில் நீளம் என்று எதுவும் கிடையாது. ஆகவே அலைக்குத் தன் அலைநீளத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் இல்லை. எல்லா அலைநீளமும் ஒரே வேகம். சுருள்வில் வந்ததும் கதை மாறுகிறது. பொருளின் விறைப்பைச் சுருள்வில்லின் வலிமையால் வகுத்தால் கிடைப்பது ஒரு நீளம். இடைமுகத்துக்கு ஓர் அளவுகோல் வந்துவிட்டது. அதைவிட மிக நீண்ட அலைகளுக்கு ஒட்டு கெட்டியாகத் தெரியும். குட்டை அலைகளுக்கு ஒட்டே இல்லாததுபோல் தெரியும். அதனால் வேகம் அலைநீளத்தைப் பொறுத்து மாறும். கண்ணாடிப் பட்டகத்தில் நிறங்கள் பிரிவதுபோல இங்கே அதிர்வெண்கள் பிரிகின்றன. ஒட்டு சரியில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான கையெழுத்து வேறில்லை.

எண்களில் பார்ப்போம். நம் ஜோடிதான், டைட்டனேட்டின் முகத்தில் தரையிணைத்த உலோகப் பூச்சு. ஒட்டு பெயருக்குத்தான் இருக்கிறது: மேலே சொன்ன எப்பாக்ஸிப் படலத்தின் வலிமையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஓரிடத்தில் தொட்டும் ஓரிடத்தில் தொடாமலும் இருக்கும் ஒட்டு என்று வைத்துக்கொள்ளலாம். 1 மெகாஹெர்ட்ஸில் அலையின் வேகம் 3,017 மீட்டர் வருகிறது. 2 மெகாஹெர்ட்ஸில் 3,012. 4 மெகாஹெர்ட்ஸில் 3,009. அதிர்வெண் ஏற ஏற, வேகம் ஒட்டே இல்லாத நிலைக்குரிய 3,006-ஐ நோக்கி இறங்குகிறது.

ஆனால் 3,006 என்பது ஃபெரைட்டின் 2,940-ஐவிட அதிகம் ஆயிற்றே, கசியாதா? கசியும். தண்ணீரின் அலையைவிட வேகமாகப் போகும் படகு பக்கவாட்டில் அலையைத் தள்ளிக்கொண்டே போவதுபோல, டைட்டனேட்டை ஒட்டி ஓடும் இந்த அலை ஃபெரைட்டுக்குள் ஆற்றலை விட்டுக்கொண்டே போகும். ஆனால் எந்த வழியாக விடும்? அந்தத் தளர்ந்த சுருள்வில்கள் வழியாகத்தான். ஒட்டு தளர்ந்திருந்தால் வேகமாற்றம் சுருள்வில்லின் வலிமைக்கு நேர்விகிதத்தில் வரும். கசிவோ அதன் வர்க்கத்துக்கு விகிதமாக வரும். வலிமை பத்தில் ஒன்றானால் கசிவு நூறில் ஒன்று. மேலே சொன்ன மோசமான ஒட்டில், பொருளின் சொந்த இழப்பை விட்டுவிட்டால், அலை பல நூறு அலைநீளம் தாண்டும். நல்ல எப்பாக்ஸி ஒட்டில் அதே அலை சில அலைநீளங்களுக்குள் ஃபெரைட்டுக்குள் வடிந்துவிடும். ஒட்டு கெடக் கெட அலை நெடுந்தூரம் போகிறது.

இத்தனையும் இயந்திர ஒட்டைப் பற்றி மட்டும். இடைமுகத்தில் மூன்று விஷயங்கள் துள்ளக்கூடும்: இடப்பெயர்ச்சி, மின்னழுத்தம், அதற்குக் காந்தத்தில் இணையான காந்த அழுத்தம். பூச்சு இல்லாத ஒட்டில், மின்சாரத்துக்குப் பசை ஒரு மின்தேக்கி. காந்தத்துக்கு அது ஓர் இடைவெளி. சிட்னி பல்கலைக்கழகத்தின் மாய், மெல்குமியான் இருவரும் 2008-இல் இந்த ஜோடியின் குறையுள்ள ஒட்டை ஆராய்ந்தார்கள்; பிறகு வந்தவர்கள் மூன்று குறைகளையும் ஒன்றாகச் சேர்த்து எழுதினார்கள். கணித அழகுக்கு மூன்றும் சமமாக வரிசையில் நிற்கும். நிஜத்தில் மூன்றும் சமமல்ல என்பது என் அபிப்பிராயம், குறைந்தபட்சம் இந்த ஜோடிக்கு.

காந்தத்தைப் பாருங்கள். எப்பாக்ஸி காந்தமற்றது, பேரியம் டைட்டனேட்டும் காந்தமற்றது. ஃபெரைட்டிலிருந்து வெளியே வரும் காந்தப் புலத்துக்குப் பசை எது, பீங்கான் எது என்று தெரியவே தெரியாது. 10 மைக்ரோமீட்டர் பசை என்பது அதற்கு 10 மைக்ரோமீட்டர் கூடுதல் பீங்கான், அவ்வளவுதான். மின்சாரமும் ஏறக்குறைய அப்படித்தான், எதிர்ப்பக்கக் காரணத்தால். ஃபெரைட்டின் விடுதிறன் டைட்டனேட்டுடையதில் நூற்று நாற்பதில் ஒரு பங்கு. புலம் போய்ச் சேர அந்தப் பக்கம் ஏற்கெனவே இடமில்லை. நடுவில் பசை வந்து இன்னும் கொஞ்சம் தடுப்பதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. டெர்ஃபெனால்-டி போன்ற உலோகம் என்றால் கேள்வி வேறு மாதிரி ஆகிறது: உலோகம் டைட்டனேட்டைத் தொடும் இடமெல்லாம் அதுவே பூச்சாகிவிடும், பசை மின்காப்பாக நடுவில் வந்தால் அந்தப் பூச்சு விலகிப்போன கணக்கு. அங்கே மின் குறைக்கு மரியாதை உண்டு.

அப்படியென்றால் இந்தக் கதையில் காந்தத்துக்கு என்ன வேலை? அலையைக் கட்டிவைப்பதில் அநேகமாக ஒன்றுமில்லை. அரை ஜிகாபாஸ்கலால் என்ன செய்ய முடியும். அதன் வேலை வேறு. வெளிக் காந்தப்புலத்தை மாற்றினால் இந்தப் பொருள்களின் விறைப்பே மாறுகிறது. விறைப்பு மாறினால் வேகம் மாறும், கசிவு மாறும். செய்துமுடித்த சாதனத்தைத் தொடாமல், ஒரு சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து அலையைத் திருத்தலாம். அல்லது தலைகீழாக, அலையின் வேகத்தை அளந்து காந்தப்புலத்தைச் சொல்லலாம். காந்த உணரிகள் செய்பவர்களின் ஆர்வம் இதில்தான். அவர்களுக்கு ஒட்டின் குறை பெரிய தலைவலி: வேகம் 5 மீட்டர் மாறியது காந்தப்புலத்தாலா, பசை கொஞ்சம் விட்டதாலா? ஒரே அதிர்வெண்ணில் அளப்பவருக்குப் பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டு மூன்று அதிர்வெண்ணில் அளந்தால் சொல்லலாம். ஏனென்றால் விறைப்பு மாறினால் எல்லா அதிர்வெண்ணிலும் வேகம் சேர்ந்து நகரும், பசை விட்டால் அதிர்வெண்களுக்கு இடையே உள்ள பிரிவு மாறும்.

சுருள்வில் மாதிரிக்கும் எல்லை உண்டு. படலத்தின் தடிமன் அலைநீளத்தைவிட மிகச் சிறிதாக இருக்கும்வரைதான் அது செல்லும். 10 மைக்ரோமீட்டர் பசைக்கு 50 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 60 மைக்ரோமீட்டர். பசைக்கு எடை உண்டு, அதற்குள்ளேயே அலை ஓடும் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்தாக வேண்டும். அப்போது அது வில் அல்ல, மூன்றாவது பொருள். இன்னொரு சங்கடம்: வலிமை இடைமுகம் முழுக்க ஒரே சீராக இருப்பதாகக் கணக்கு சொல்கிறது. நிஜ ஒட்டு அப்படி விடுவதில்லை. ஓரத்திலிருந்து விடும், குமிழி இருந்த இடத்திலிருந்து விடும். விட்ட திட்டுகள் அலைநீளத்தைவிடச் சிறியவையாக இருக்கும்வரை சராசரி எடுத்துச் சமாளிக்கலாம்.

இவ்வளவு தெரிந்தபின் சோதனை எளிது, காகிதத்திலாவது. டைட்டனேட் தகட்டை ஒட்டுப் பகுதிக்கு வெளியே இரு பக்கமும் கொஞ்சம் நீளமாக விட்டுவைக்க வேண்டும். பீங்கானை மின்புலத்தால் துருவப்படுத்திய திசை, அலை போகும் திசைக்குச் செங்குத்தாக, மேற்பரப்போடு படுத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அலையை எழுப்பவும் மறுபக்கம் பிடிக்கவும் சீப்பு போன்ற மின்முனைகள், 1965-இல் பெர்க்கிலியில் வைட்டும் வோல்ட்மரும் முதலில் செய்து காட்டிய வகை. 1, 2, 4 மெகாஹெர்ட்ஸுக்குத் தனித்தனிச் சீப்புகள்; பற்களின் இடைவெளி அலைநீளத்தில் பாதி, ஆகவே 1.5 மில்லிமீட்டர், 0.75, அப்புறம் அதிலும் பாதி. மூன்றிலும் வேகம் வெவ்வேறாக வந்தால் ஒட்டு தளர்ந்திருக்கிறது. எவ்வளவு தளர்ந்தது என்று அந்த வித்தியாசமே சொல்லும். மூன்றும் ஒன்றாக, 3,006 என்று வந்தால் ஒட்டு முழுக்க விட்டுவிட்டது. மறுமுனையில் சிக்னலே வரவில்லை என்றால் ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். அல்லது கம்பி எங்கோ அறுந்திருக்கிறது.